ஆரிஃபாவின் கஞ்சியில் குறையில்லை

பாலக்கரை, திருச்சி.

அன்பு மகன் ஹாலிதுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் குவைத்தில் நீ சுகமாக இருப்பாய். இங்கே உன் மனைவி ஆரிஃபாவும் பேத்தி அஃப்ஷீனும் நலம், எனக்கும் தையல் பிரித்தாகிவிட்டது, இரண்டு இட்லி இறங்குகிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் சனிக்கிழமை அங்கே வரும் கலீம் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆரிஃபா காய்ச்சிய நோன்புக் கஞ்சிதான் என்னைப் படுக்கையில் போட்டது என்று ஆஸ்பத்திரியில் இருந்து உனக்குச் சொன்னேனே, அது பொய் ராஜா. டாக்டர் காரணம் சொன்ன பிறகுதான் அப்படிச் சொன்னேன். நீ அவளை ஏசினாய், அவள் மூலையில் நின்று அழுததைக் கட்டிலில் இருந்தே பார்த்தேன். நடந்தது இதுதான். தெருப் பெண்கள் நம் மாடிக்குத் தராவீஹ் தொழ வருவார்கள் அல்லவா, போன வருஷம் கமருன்னிசா நாற்காலி போட்டுத் தொழுதபோது, என்ன கமரு ரயிலுக்கா உட்கார்ந்திருக்கே என்று கேலி செய்தவள் நான். இந்த வருஷம் என் மூட்டு மடங்கவில்லை. நாற்காலி கேட்க வெட்கம். மருந்துக்கடையில் நானே வலி மாத்திரை வாங்கி, விடியுமுன் சஹருக்குச் சரியாகச் சாப்பிடாமல் ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று என்று போட்டேன். வெறும் வயித்துல போடாதீங்க மாமி, டாக்டரைக் கேட்போம் என்றாள் ஆரிஃபா. உன் காலேஜ் படிப்பை அடுப்படியில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மாத்திரை அட்டையைத் தஸ்பீஹ் மணி வைக்கும் பைக்குள் ஒளித்தேன்.

மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கி ஓட்டையே போட்டுவிட்டதாம். உள்ளே இருந்ததெல்லாம் வயிற்றுக்குள் கொட்டிச் சீழ் பிடித்திருக்கிறது. வயிறு பலகை மாதிரி இறுகியபோதும் வாயுதான் என்று ஓமத்தண்ணீர் குடித்து ஒரு நாள் கடத்தினேன். ஆட்டோ கொண்டுவந்து என்னைத் தூக்கிப்போனது ஆரிஃபாதான். வயிற்றைத் திறந்து கழுவி ஓட்டையை அடைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் முசிறி வேலம்மாள், குடல்வால் வெடித்து நாலு நாள் கழித்துக் கொண்டுவந்தார்களாம். என்னைவிடச் சின்னவள். மூன்றாம் நாள் அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றினார்கள்.

மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்து டாக்டரிடம் காட்டியவளும் ஆரிஃபாதான். இதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். நான் சொன்னா கோள் ஆயிடும் மாமி, நீங்க சொன்னாத்தான் சரி என்றாள். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துக் கஞ்சி வாங்கிக் குடிக்க முடியவில்லை.

நேற்று நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதேன். கமருன்னிசா வந்து, ரயில் எத்தனை மணிக்கு என்றாள். வந்து என்னை ஏற்றாமல் போய்விட்டது என்றேன்.

உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் அல்லாஹ் தரட்டும். தலைவலிக்கென்று நீயும் வெறும் வயிற்றில் எதையும் போடாதே. இதைப் படித்ததும் முதலில் அவளுக்குப் போன் போடு, என்னிடம் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
மைமூன் பீவி