சக்கரத்துக்கு ஒரு நெயில் பாலிஷ்

என் மாமாவுக்கு,

உங்கள் படத்துக்கு முன்னால் நின்று பேசினால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஷேர் ஆட்டோவை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லங்குறிச்சி கோயிலுக்கு, நீங்கள் ஓட்டிய அதே டிரிப். சுண்ணாம்புக்கல் லாரிகள் போட்ட பள்ளமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

துருப்பிடிக்கக் கூடாதென்று ஒருநாள் சக்கரத்து நட்டுக்கெல்லாம் எண்ணெய் விட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "ஏண்டி, தலைக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்க? வழுக்கிக்கிட்டு கழண்டு ஓடிரும்டி!" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். எல்லாவற்றையும் துடைத்து முறுக்கிவிட்டு, என் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத் தகடுவரை நேராக ஒரு கோடு இழுத்தீர்கள். "கோடு சேந்திருந்தா நட்டு நகரல. பிரிஞ்சிருந்தா வண்டி ஆட்டத்துல கழலுதுன்னு அர்த்தம்." பாலிஷ் பாழாகிறதே என்று அதற்கும் சண்டை போட்டேன். பாவி நான்.

அந்தப் புட்டி போன வாரம் தீர்ந்தது. ஃபேன்சி ஸ்டோரில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினால், கடை வாசலில் உங்கள் தங்கை கலா.

"எங்கண்ணன் போயி ஒரு வருசம் ஆவல. அதுக்குள்ள நெயில் பாலிஷ் கேக்குதா அண்ணி?"

புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு நடையைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து ஆட்டோவுக்குள் உட்கார்ந்து அழுதேன். உங்கள் பக்கத்துச் சொந்தமென்று எனக்கு மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதானே? அவளும் போய்விட்டால்?

சனிக்கிழமை வேறு வண்டி கிடைக்காமல் மகளோடு என் ஆட்டோவில்தான் ஏறினாள். வழி முழுக்க முகத்தை வெளியே திருப்பிக்கொண்டே வந்தாள். முந்தின நாள்தான் பஞ்சர் ஒட்டி பின்சக்கரத்தை மாட்டிக் கோடும் இழுத்திருந்தேன். கோயில் வாசலில் எல்லோரும் இறங்கியதும் குனிந்து பார்த்தேன். இரண்டு நட்டில் கோடு பிரிந்து கிடந்தது. அந்தக் குழந்தையையும் வைத்துக்கொண்டு அல்லவா ஓட்டி வந்திருக்கிறேன்!

ஸ்பேனரால் முறுக்கி, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக இழுத்தேன். கலா போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

"இதுக்கா அண்ணி வாங்குனீங்க?"

"ஒங்கண்ணன் சொல்லிக் குடுத்தது."

மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எனக்கென்றே வாங்கியிருந்தால்தான் என்ன மாமா? சக்கரத்துக்கு என்று தெரிந்த பிறகுதான் நான் நல்லவளா? உயிர் தப்பிய நிம்மதியிலும் அந்தக் கோபம் எனக்கு அடங்கவில்லை.

நேற்று கலா வீட்டுக்கு வந்தாள். கையில் ரோஸ் கலரில் ஒரு புட்டி.

"இது சக்கரத்துல தெரியாதே கலா. செவப்புல்ல வேணும்?"

"சக்கரத்துக்கு இல்ல அண்ணி. வெரல நீட்டுங்க."

பத்து விரலுக்கும் அவளே போட்டுவிட்டாள். இரண்டு பேரும் அழுததில் ஒன்றிரண்டு விரலில் கலைந்துபோனது. நீங்கள் பார்த்திருந்தால், கோடு நேராக இல்லை என்று சிரித்திருப்பீர்கள்.

கோடு பார்க்காமல் ஒரு டிரிப்கூட எடுக்க மாட்டேன். நீங்கள் கவலைப்படாமல் இருங்கள், இது சத்தியம்.

ரோஸ் விரல்களோடு,
உங்கள் வீட்டுக்காரி செல்வி