நெற்றியில் வைத்த கை

என் வீட்டு மகாராணிக்கு,

நான் போனை எடுப்பதே இல்லை என்று நீ கோபமாக இருப்பதாக மகள் செய்தி அனுப்பியிருந்தாள். எடுத்தாலும் என்ன பேசுவது? "பிரேக், பிரேக்" என்று கத்தியே ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இப்போது குரல் இல்லை. நீ அவள் பிரசவத்துக்குக் கிளம்பிய மறுவாரமே, தொண்டையில் இருப்பது புற்று என்று சொல்லிவிட்டார்கள். பச்சைக் குழந்தையைக் கையில் வைத்திருக்கும் உன்னிடம் இதை எப்படிச் சொல்வேன்?

புற்றைக் கொல்லும் வைரஸைக் கழுத்துக் கட்டியில் ஊசியால் ஏற்றி, கூடவே கீமோவும் கொடுக்கிறார்கள். முள்ளை முள்ளால் எடுக்கிற கதைதான். புதிய முறை, பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. கிருமி பிறருக்குத் தொற்றாதிருக்கத் தனி அறை. உள்ளே வரும் நர்ஸின் கண்கள் மட்டும்தான் தெரியும்.

ஊசி போட்ட அன்று மாலை உடம்பு தூக்கிப்போட்டது.

"பயப்படாதீங்க சார், காய்ச்சல் வரும்னு தெரிஞ்சதுதான். வீட்ல யாரும் இல்லையா?" என்றாள் நர்ஸ்.

இருக்கிறார்கள் என்று எழுதிக் காட்டினேன்.

"அப்புறம் ஏன் ஒருத்தர்கூட போன் பண்ணி விசாரிக்கல?"

சத்தத்தை அணைத்து வைத்திருந்த போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். அவள் போனபின் என் நெற்றியில் என் கையையே வைத்துப் பார்த்தேன். இரண்டும் கொதித்ததால் ஒன்றும் தெரியவில்லை.

இன்று டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்து, "கொஞ்சம் இளகியிருக்கு. நாளைக்கு வார்டுக்கு மாத்திடலாம்" என்றார். நல்ல சேதிதான். சொல்ல ஆளில்லாமல் சுவரிடம் சொன்னேன். வெறும் காற்றுதான் வந்தது.

பேத்தியை விட்டுவிட்டு நீ வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. வாயேன்.

உன் வாயாடி