வெளியே வந்துவிட்ட சிடுமூஞ்சி

அன்பும் அதட்டலும் சரிபாதியாகக் கலந்த என் மச்சானுக்கு,

ஈரேழு உலகத்திலும் ஒருத்தரும் நம்பாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். அங்கே நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். குற்றவாளி நான்தான்.

கடைத் தராசுகளுக்காக நீங்கள் சி மொழியில் எழுதிய நிரல் தொகுப்பை, அந்த லைப்ரரியை, இப்போது உங்கள் மகள் யாழினியும் நானும் லிங்கராஜபுரம் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம். உள்வேலை பார்க்கும் ஃபங்ஷன்களுக்கு வீட்டுச் செல்லப்பெயர் வைப்பது உங்கள் பழக்கம். தப்பான எடையைத் திருப்பி அனுப்பும் ஃபங்ஷனுக்கு, அக்காவை நீங்கள் கூப்பிடும் 'சிடுமூஞ்சி'. ஹெடர் கோப்பில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் மேக்ரோ என்று ஒரு மறைப்புக் குறி. அது இருக்கும்வரை அந்தப் பெயர் வெளியாட்கள் கண்ணில் படாது. "வீட்டுப் பேரு வாசல் தாண்டக் கூடாதுடா" என்பீர்கள்.

நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் புதுக் கம்பைலர் வந்தது. உங்கள் மேக்ரோ புரியவில்லை என்று ஆயிரம் யானை பிளிறுவதுபோல் எச்சரிக்கை விட்டது. சத்தம் அடங்கட்டும் என்று மேக்ரோவை வெறுமையாக்கினேன். அடங்கியது. ஒளிந்திருந்த பெயரெல்லாம் வெளியே வந்து நின்றதை நான் பார்க்கவே இல்லை. ஏன் பார்க்கவில்லை, மச்சான்?

போன வாரம் மல்லேஸ்வரத்து வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து மஞ்சுநாத் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"சார், எங்க ப்ரோக்ராம்ல இருந்து சிடுமூஞ்சிய நேரா கூப்பிட்டோம். சென்னாகி வேலை செய்யுது! சிடுமூஞ்சி சூப்பர் சார்!"

கன்னடக்காரன், அர்த்தம் தெரியாது அவனுக்கு, பாவம்.

உள்ளேயிருந்து அக்கா, "இதோ வரேங்க" என்றாள். வந்து எங்களைப் பார்த்தாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் ஈஜிபுராவில் ஜன்னல்கள் நொறுங்கின. மெட்ரோ ரயில் பாதி வழியில் நின்று மன்னிப்புக் கேட்டது.

"மறுபடி மறைச்சிடலாமா மாமா?" என்றாள் யாழினி. "ஆனா அடுத்த அப்டேட்ல அவங்க ப்ரோக்ராம் ஓடாது. தராசெல்லாம் நின்னுடும்."

"நிக்கட்டும்டி" என்றாள் அக்கா. "அந்தப் பேரச் சொல்ல ஒரே ஆளுதான் இருந்தாரு. இனிமே யாரும் கூப்பிட வேணாம்."

என் அக்காவின் பெயரை நான் தெருவில் விட்டுவிட்டேன், மச்சான். திரும்ப அழைத்து வருகிறேன். அதே வேலைக்குச் சாதாரணப் பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதிவிட்டேன். மஞ்சுநாத் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் ப்ரோக்ராமை நானே மாற்றிக் கொடுப்பேன். மாற்றிய அன்றே, எந்தக் கம்பைலர் வந்தாலும் புரிகிற மாதிரி மேக்ரோவை எழுதி, நீங்கள் வைத்த பெயரை உள்ளே வைத்துப் பூட்டுவேன். இது வாக்கு.

ஜன்னலும் ரயிலும் என் கைச்சரக்கு. அக்கா சத்தமே போடவில்லை. "இதோ வரேங்க" என்றாளே, அது மட்டும் நிஜம்.

உங்கள் மனைவியின் உதவாக்கரைத் தம்பி,
துரை