காய்ந்தால் பதினாலு கிலோ

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. இந்த விடாத மழையிலும் நானும் அப்பாவும் தம்பி தனுஷனும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், அந்தக் கொரியாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மா துணை. வாரத்துக்கு மூன்று தடவை வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். முகம் பார்த்தால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறேன் மகள், போன பதினொரு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் எழுதி முடித்து, கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி அப்பாவிடம் சொல்லப் போகிறேன். மாதக் கடைசியில் உன் முதலாளியிடம் கடைசி முடிவைச் சொல்லுவதற்கு முன்னால் இதை முழுக்க வாசித்துவிடு.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலைக்கு மட்டும் இன்னும் போகவில்லை. தனுஷன் பெல்மதுளை போன் கடையிலேயே வேலைக்கு நிற்கிறான், மீசை வைத்திருக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை. தோட்டத்தில் கொடுத்த இருபது பேர்ச் நிலத்தில் வல்லாரை நன்றாகப் படர்ந்திருக்கிறது. இத்தனை வருடமாகத் தேயிலை மலையில் வடிகான் ஓரம் முளைக்கிற வல்லாரையைப் புல்லோடு புல்லாகப் பிடுங்கிப் போட்டுத்தான் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் வாங்கினோம், இப்போது அதையே நட்டுப் புல் பிடுங்குகிறோம். போன மாதம் பெல்மதுளையில் மூலிகை நடுகிறவர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். விவசாய இலாகா மாத்தயா ஒருவர் சுவரில் படம் போட்டு உலகம் முழுக்கக் காட்டினார். எகிப்தில் இலையை அறுத்து மணலில் விரித்துவிடுகிறார்களாம், வெயில் சும்மா காய வைத்துக் கொடுக்கிறதாம். இந்தியாவில் புதினாவைக் காயப்போடும் தொல்லையே வேண்டாம் என்று கொதிக்க வைத்து எண்ணெயாக எடுத்துவிடுகிறார்களாம். வெள்ளைக்காரர்கள் தேயிலையை விட்டு மூலிகைத் தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள், மருந்தடிக்காத இலையாகக் கேட்கிறார்கள், ஆனால் மழை தப்பித் தப்பிப் பெய்வதால் எங்கேயும் விளைச்சலை நம்ப முடியவில்லை என்றார். கொரியாப் படம் வந்ததே, பொலித்தீன் வீட்டுக்குள் லைட் எரிகிறது, உள்ளே வரிசை வரிசையாக நீ பறிக்கிற அந்த எள்ளிலை! எங்கள் மகளும் அங்கேதான் ஐயா என்று சிங்களத்திலேயே, 'அபே துவத் எஹே மாத்தயா' எனக் கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டி நிறையாவிட்டால் அங்கேயும் காசு வெட்டு என்று நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொழுந்து குறைந்தால் இங்கே அரைப்பேர் போட்டு அரைச் சம்பளம்தான், கடல் தாண்டிப் போயும் நீ அரைப்பேருக்குப் பயந்து பறிக்கிறாய் என்று நினைத்து, கூட்டத்தில் கொடுத்த பணிஸைத் தின்ன முடியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். முதல் அறுவடை எவ்வளவு என்று நீ கேட்டபோது நூற்றுப் பத்து கிலோ என்றேன் இல்லையா, அது பச்சை நிறை. நான் பொய் சொல்லவில்லை மகள், தராசில் அப்படித்தான் காட்டியது. இருபத்தாறு வருடமாகக் கொழுந்து நிறுக்கிறவள் நான், எனக்கு நிறை என்றால் பச்சை நிறைதான். தண்ணீருக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கணக்கப்பிள்ளை வெட்டுவதோடு நம் கணக்கு முடிந்துவிடும், காய்ந்தால் அது என்னவாகும் என்று பார்க்க நம்மை யார் ஃபெக்டரிக்குள் விட்டார்கள்? நீயோ மூலிகை வாங்குகிற கடைக்கார ஜாபிர் நானா சொன்ன விலையால் நூற்றுப் பத்தைப் பெருக்கிவிட்டாய். அவர் சொன்னது காய்ந்த இலைக்கு. அதை நான் அவருடைய கடையில் மூட்டையை இறக்கிய அன்றுதான் தெரிந்துகொண்டேன். பாயில் விரித்து, மழை வந்தால் அள்ளி, அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காய வைத்து, கடைசியில் தராசில் வைத்தால் பதினாலு கிலோ! தராசில் கள்ளம் என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சண்டை பிடித்தேன். அவர் கோபிக்கவில்லை, ஐந்து கிலோ சீனிப் பையை எடுத்து வைத்துக் காட்டினார், சரியாக ஐந்து. 'அக்கா, நீங்க சொன்னது பச்சக் கணக்கு, நாங்க எடுக்கிறது காஞ்சது தானே, வல்லாரையில தண்ணிதான் கூட' என்றார். அதிலும் ஒரு கிலோ பூஞ்சணம் பிடித்தது என்று ஒதுக்கிவிட்டார். நம் மழைதான் இலையை இப்படி வளர்க்கிறது, அதே மழைதான் காய விடமாட்டேன் என்கிறது, யாரைக் கோபிக்க?

அதற்கு இரண்டு நாள் கழித்து நீ போன் எடுத்தாய். முதலாளி கேட்கிறபடி இன்னும் நாலு வருடத்துக்கு இருக்க வேண்டாம், வந்துவிடுகிறேன், சேர்த்த காசில் பொலித்தீன் வீடும் காய வைக்கிற மெசினும் போடுவோம், பக்கத்து ஆட்களின் பேர்ச்சையும் சேர்த்துக்கொள்வோம், முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது, மாதக் கடைசி வரை யோசிக்கச் சொன்னான் என்றாய். உன் முகத்தில் அவ்வளவு சிரிப்பு. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் 'சரி மகள், வா' என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். பச்சைக் கணக்கைச் சொன்னது தெரியாமல். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது தெரிந்துதான். நீ வந்தால் போதும், எந்தக் கணக்கை நம்பி வந்தால் என்ன என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது சரியான கணக்கைச் சொல்கிறேன். ஒரு அறுப்புக்கு இருபது பேர்ச்சில் காய்ந்து பதினாலு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அறுக்கலாம் என்று மாத்தயா சொல்கிறார், நான் காய வைத்து நிறுத்துக் கண்டது ஒன்றுதான், இரண்டாவது இன்னும் காய்கிறது. மெசின் இருந்தால் பூஞ்சணம் பிடிக்காது, ஆனால் அதுவும் தண்ணீரை இலையாக்கித் தராது. அப்பா 'புள்ள வரட்டும், பாத்துக்கலாம்' என்கிறார். தனுஷன் 'அக்கா அங்கயே இருக்கட்டும்மா' என்கிறான். நான் இரண்டு பக்கமும் பேச மாட்டேன், பேசினால் என் ஆசைதான் பேசும். நீ கொப்பி எடுத்து நூற்றுப் பத்தை வெட்டிவிட்டுப் பதினாலைப் போட்டு மறுபடி பெருக்கிப் பார். வராமல் இருந்தால் நான் கோபிக்க மாட்டேன், அழுவேன், அது வேறு.

வெறும் கையோடு குளிர்ந்த இலையைப் பறிக்காதே, கையுறை போடு. சோற்றை ஒரு நேரமாவது சூடாகச் சாப்பிடு. சாமி உன்னை நோயில்லாமல், குறையில்லாமல் வைத்திருக்கட்டும், நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் உனக்கு நல்லதாக அமையட்டும். ஒன்று மறக்காதே, முடிவு செய்ததும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது அறுப்பை உன் அறையில், உன் கட்டில் மேல்தான் விரித்திருக்கிறேன். நீ வருவதென்றால் கட்டிலை ஒழித்து வைக்கவேண்டும்.

உன் அம்மா,
புஷ்பம்