மதினியின் கட்சி

மதினி,

நேற்று அண்ணன் ஆட்டுக் கொட்டகைக்கு மேலே ஒரு பிளக்ஸை விரித்துக் கட்டினான். தேர்தல் முடிந்து கழற்றிப் போட்டது. உங்கள் எம்.எல்.ஏ. அதில் இரண்டு கையையும் கூப்பிச் சிரிக்கிறார். வெயில் ஏற ஏற அந்த பெயிண்ட் வாசனை என் வாசல் வரை வருகிறது. நீங்கள் இருந்திருந்தால், "பாத்தியாட்டி, எங்க ஆளு ஆட்டுக்குக்கூட நெழலு குடுக்காரு" என்று சொல்லியிருப்பீர்கள். அது அப்படியே காதில் கேட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எத்தனை தேர்தலில் அடித்துக்கொண்டோம்! அண்ணனைக் கட்டி வந்த நாளிலிருந்து நீங்கள் அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி. அந்த மனிதர் நம் ஊருக்குக் கால்நடை மருந்தகம் கொண்டுவந்த பிறகு உங்களைப் பிடிக்கவே முடியவில்லை. வயிறு ஊதிய ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டப்பிடாரம் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தவர் நீங்கள். அந்த நன்றி உங்களுக்கு இருந்தது. "சரி, ஓடைப் பாலம் எங்கே?" என்று நான் கேட்டால், "கட்டுவாருட்டி. மருந்தகம் கட்டலையா?" என்பீர்கள். பேச்சை அதோடு முடித்துவிடுவீர்கள்.

ஓட்டுப்போடப் போவது மட்டும் சேர்ந்துதான். "என் ஓட்டு ஒன் ஓட்டைத் தின்னுரும், ஒன் ஓட்டு என் ஓட்டைத் தின்னுரும். பேசாம ரெண்டு பேரும் வீட்டுலயே இருப்பமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பீர்கள். நானும் சரி என்பேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் நல்ல சேலை கட்டி வேலிப்பக்கம் நிற்போம். உங்களை நான் நம்பவில்லை, என்னை நீங்கள் நம்பவில்லை. பள்ளிக்கூடம் வரை சிரித்துக்கொண்டே போவோம்.

போன கார்த்திகை மழையை என்னால் இன்னும் நேராக நினைக்க முடியவில்லை. உங்களுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் ஓடைக்கு அக்கரையில் நிற்கிறது. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, கரிசல் மண் முழங்கால் வரை உள்ளே இழுத்தது. கயிற்றுக் கட்டிலில் போட்டு உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன், உங்கள் ஆளை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே. நீங்கள் கண்ணைத் திறந்து, "இப்பயுமாட்டி கட்சி பேசுத?" என்றீர்கள். அதன்பிறகு என்னிடம் ஒன்றும் பேசவில்லை. கோவில்பட்டி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது.

சித்திரையில் தேர்தல் வந்தது. இந்தத் தடவை உங்கள் ஆள் ஜெயிப்பது கஷ்டம்தான் என்று தொகுதி முழுக்கப் பேச்சு. நம் ஊரில் அவர் வேன் வந்தபோது ஆரத்தி எடுக்க நாலு பெண்கள்கூட இல்லை. அப்போதுதான் எங்கள் ஒன்றியச் செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"தாயி, ஒன் அண்ணன்கிட்ட கேட்டுட்டேன், அவரு சரின்னுட்டாரு. ஒன் மதினியோட நல்ல படம் ஒன்கிட்டதான் இருக்காமே. பெருசா பிளக்ஸ் அடிச்சு ஓடைக்கரையில வைப்போம். பாலம் இல்லாமப் போன உயிருன்னு போட்டாப் போதும். சுத்துப்பட்டி ஓட்டு பூரா நமக்குத்தான்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எனக்கும் ஆத்திரம் இருந்தது. அந்த ஆளைத் தோற்கடிக்க வேண்டும் என்று நம் ஊரிலேயே என்னைவிட வெறியாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள். செல்போனைக் கையில் எடுத்துவிட்டேன். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் சிரிக்கிற படம். பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. அவிய நம்ம கட்சி இல்ல" என்றேன்.

"செத்தவியளுக்கு என்ன தாயி கட்சி?"

"எங்க மதினிக்கு உண்டு."

அவர் முகம் சுண்டிப்போய் எழுந்து போனார். அண்ணனும் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பாலத்தைப் பற்றி நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன் மதினி, அதில் குறை வைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். உங்கள் சிரிப்பை மட்டும் உங்கள் ஆளுக்கு எதிராக நிற்கவைக்க மனது வரவில்லை. ஓட்டுப்போடத் தனியாகப் போனேன். என் சின்னத்தில்தான் போட்டேன். மாற்றிப் போட்டிருந்தால் நீங்களே மதித்திருக்க மாட்டீர்கள்.

தோற்றுவிட்டோம். சொற்ப ஓட்டு வித்தியாசம்தான். அந்தப் படம் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று செயலாளர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. படம் என்னிடமே இருக்கிறது. தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்.

ஓட்டு எண்ணிய அன்று தெருவில் வெடிச்சத்தம். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முந்தின தடவை நீங்கள் ஜெயித்தபோது ஒரு கை சீனியோடு ஓடிவந்து, நான் வாயைப் பொத்தப் பொத்தத் திணித்தீர்கள். "தின்னுட்டி, தோத்த வாய்க்கு இனிக்குதான்னு சொல்லு!" எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

உங்கள் ஆள் மறுபடியும் ஜெயித்துவிட்டார், மதினி. இருட்டும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேலி பண்ண ஒருத்தரும் வரவில்லை.