பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பாடு

எங்கள் எம்.எல்.ஏ. அக்காவுக்கு, அன்போடு.

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெயர் கேட்டபோதுகூட அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இப்போது கடிதம் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்.

முதல் முறை ஜெயித்ததும், ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பள்ளிக்கு நாங்கள் போய்வர ஒரு படகு வாங்கிக் கொடுத்தீர்கள். மறுபடி வந்து பார்த்தால் அது கரையில் காய்ந்துகொண்டிருந்தது. "ஏன் யாரும் ஓட்டல?" என்று கோபப்பட்டீர்கள்.

என் நைனாதான் சொன்னார்: "இன்னாம்மா, அது யார் பாடுன்னு யாருக்கும் தெரியலியே!"

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை விடுவது என்று ஊர் கூடி முறை போடுவதுதான் பாடு. முறையில் இல்லாததை இங்கே யாரும் தொடமாட்டார்கள். காட்டூரில் நெல் விளைக்கும் வீட்டில் பிறந்த உங்களுக்கு அது எப்படித் தெரியும்?

நீங்கள் அதிகாரிகளை ஏவவில்லை. ஊர்க்கூட்டத்தில் மணலில் உட்கார்ந்து, "பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பாடு போடுங்க" என்று கேட்டீர்கள். அதன்பின் முறை வந்த வீட்டார் அன்று வலையை விட்டுவிட்டு எங்களை ஏற்றிப்போனார்கள்.

சட்டமன்றத்திலும் அதே பேச்சுதான். "அக்கா எழுந்தா பள்ளிக்கூடம்தான்" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். பிளஸ் டூ வந்தது, ஆய்வுக்கூடம் வந்தது. ரோடு கேட்டவர்கள் அடுத்த தேர்தலில் உங்களைத் தோற்கடித்தார்கள். அந்த வருடமும் பள்ளி திறந்த அன்று கரையில் வந்து நின்றீர்களே, வலிக்கவில்லையா அக்கா?

போன வாரம் ஊர்க்கூட்டத்தில் சிலர் பள்ளிக்கூடத்துப் பாடு இனி வேண்டாம், நிறுத்துங்கள் என்றார்கள். மீன் குறைந்துவிட்டது, ஒருநாள் வலை போடாவிட்டால் உலை கொதிக்காது. அதுவும் உண்மைதான். ஆனால் படகு நின்றால் முதலில் பெண்பிள்ளைகளின் படிப்புதானே நிற்கும்?

எழுந்துவிட்டேன். "வேணாங்கறவங்க முறையில நான் ஓட்டறேன். டிகிரி முடிச்சிட்டு வேலை தேடினு சும்மாதான கீறேன்."

"யாருடா இது, ஊமைப் பொண்ணு பேசுது!" என்று ஒருவர் சிரித்தார்.

நிறுத்தச் சொன்ன பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது கோல் போட்டுப் படகு தள்ளினு போவும், நாம கரையில குந்தினு பாக்கறதா? என் முறைய நானே பாத்துக்கறேன், போ!"

மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். பாடு பிழைத்தது.

திங்கட்கிழமை எங்கள் வீட்டு முறை. நைனா வலைக்குப் போகட்டும், கோலை நான் பிடிக்கிறேன். "சேத்துல தட்டிச்சின்னா?" என்கிறார். இறங்கித் தள்ளுவேன்.

எனக்கு எங்கே வேலை கிடைத்தாலும், படகை நிறுத்தும் பேச்சு வரும் கூட்டத்துக்கு வந்துவிடுவேன் அக்கா. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அல்ல, முன்னால் நிற்பேன்.

அந்தப் படகில் படித்துக் கரையேறிய
உங்கள் தங்கை