பெயரைக் கேட்டு எழுதியிருந்தீர்கள்

ஆரணி
9.6.2003

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி சுபலட்சுமி எழுதுவது. நானும் நம் பெண் காவ்யாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொடுக்கிற மாத்திரையைப் பாய்க்கு அடியில் சேர்த்து வைக்காமல் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். போன தடவை வேலூர் ஜெயிலுக்கு மனுப் போட்டு உங்களைப் பார்க்க வந்தபோது நீங்கள் நொண்டியதைக் காவ்யா கவனித்துவிட்டாள்.

பத்து வருடம் முடித்த ஆயுள் கைதிகளைப் பற்றி ஊரில் விசாரித்து, ஆட்சேபம் இல்லாதவர்களை விடப் போகிறார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் கடிதம் வந்த மறுநாளே சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. தபாலைப் பிரித்துப் படிக்கிற ஆள் யாரோ இங்கேயும் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

மாணிக்கவேல் டீக்கடையில் இப்போது அதுதான் பேச்சாம். ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க உள்ளே இருக்க வேண்டியதுதானே, பாதியில் அனுப்புவதற்குக் கோர்ட்டு எதற்கு, ஜட்ஜ் எதற்கு என்று மாணிக்கவேலே கேட்டாராம். அதற்கு இன்னொருவர், "மாட்டக்கூட பத்து வருசம் ஒரே கொட்டாயில கட்டி வெக்க மாட்டாங்க, போதும் வுடுப்பா" என்றாராம். நான் குடத்தோடு அந்தப் பக்கம் போனதும் எல்லோரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மண்டையைப் பிளக்கிற வெயிலில் என்ன மழைப் பேச்சு?

விசாரணைக்கு இதுவரை யாரும் வரவில்லை. ஜீப் சத்தம் மாதிரி கேட்டால் தறியை விட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன். நேற்று வந்தது கேஸ் சிலிண்டர் வண்டி.

இன்னொரு சேதி. போன மாதக் கடைசியில் நான் புடவை கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். காவ்யா வழக்கம்போலக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலைக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் டி.வி.எஸ். 50 வண்டியில் வந்து, நம் வீடு எது, குடும்பம் எப்படி, வீட்டுக்காரர் எங்கே, ஆள் எப்படிப்பட்டவர் என்றெல்லாம் ஐந்தாறு வீடுகளில் கேட்டிருக்கிறார். சேத்துப்பட்டு பக்கத்துப் பேச்சாம். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வருவதற்கு முன் வெளியே விசாரிப்பது வழக்கம்தானே. எல்லோரும் நல்ல மாதிரி சொல்லி அனுப்பினார்களாம். என்னதான் சொன்னீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பச்சையப்பன் அண்ணன் மனைவியைக் கேட்டேன். அதெல்லாம் உனக்கு எதற்கு என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் வந்து நின்று காவ்யா கல்யாணத்தை நடத்த வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள்
சுபலட்சுமி


ஆரணி
21.8.2003

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. விடுதலை இல்லை என்று படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கம்பக்கத்தார் கருத்து சாதகமாக இல்லை என்று காரணம் சொன்னார்களாமே. விசாரிக்க வந்ததே எனக்குத் தெரியாதே மாமா. எனக்குத் தெரியாமல் எப்போது வந்தார்கள், யார் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார்கள்?

சொன்னவன் பெயரை மட்டும் எழுது என்று மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே எரிச்சல்தான். பத்து வருடமாக இந்தத் தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்கும் முன்வரிசையில் நிற்காமல், யார் வம்புக்கும் போகாமல் இருந்தேனே, அதற்கு இதுதான் கூலியா?

மாணிக்கவேல்மேல் சந்தேகம் வந்தது. ஆனால் அவர் வாயில் இருப்பதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிற ஆள். கமுக்கமாக எழுதிக் கொடுக்கிற வேலை அவருக்கு வராது. அடுத்தது பச்சையப்பன் அண்ணன். கொஞ்ச நாளாக என்னைக் கண்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போகிறார். அவர் மனைவியின் சிரிப்பைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன்.

போன வாரம் நம் தறிக்கான நூல் பாவைத் தெருவில் நீட்டினோம். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தோய்த்து, தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும், எட்டுப் பேராவது வேண்டும். வழக்கம்போல ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்தார்கள். நான் இழையைப் பார்க்கவே இல்லை. அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கைதான் கையெழுத்துப் போட்டதா, இந்தக் கையா என்று ஒவ்வொரு கையாகப் பார்த்தேன். பச்சையப்பன் அண்ணன் பக்கம் நாலு இழை அறுந்தது. வேண்டுமென்றே இழுக்கிறீர்கள், உங்களுக்கு எங்கள்மேல் என்ன வஞ்சம் என்று நடுத்தெருவில் கேட்டுவிட்டேன். அவர் பிடித்திருந்த கோலைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அவர்கள் பாவுக்கு நான் போகவில்லை. இந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பாவுக்குப் போகாமல் இருப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

எல்லோரையும்விட எனக்குச் சந்தேகம் அபிதகுசாம்பாள்மேல்தான். உங்கள் கையால் செத்துப்போன சிவகுமாரின் மனைவிக்கு ஆட்சேபம் இல்லாமல் யாருக்கு இருக்கப் போகிறது? அவள் இப்போது வீடு வீடாகப் போய்ப் பாவு பிணைக்கிறாள், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. நம் வீடு தவிர எல்லா வீட்டிலும் அவள்தான். நாலு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை, கை வேலை செய்யும்போது வாய் சும்மாவா இருக்கும்? ஒவ்வொரு வீடாக நமக்கு எதிராகத் திருப்பியிருப்பாள்.

கண்டுபிடித்து எழுதுகிறேன். மனதைத் தளர விடாதீர்கள்.

உங்கள்
சுபலட்சுமி


ஆரணி
14.9.2003

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் அங்கே ஒருவர் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

போன வாரம் வக்கீல் குமாஸ்தாவைக் கூட்டிக்கொண்டு விசாரணை அதிகாரியின் அலுவலகத்துக்கே போனேன். நன்னடத்தை அலுவலர் என்று பலகை போட்டிருந்தது. ரிப்போர்ட்டைக் காட்டக் கூடாது என்றார். ஆனால் பேசினார். மே மாதக் கடைசியில் உங்கள் தெருவுக்கு வந்தேன், உங்கள் வீடு பூட்டியிருந்தது என்றார். அப்போதுதான் அவர் சட்டையைப் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டை. வெளியே டி.வி.எஸ். 50 நின்றது.

தான் யார் என்று முதலிலேயே சொன்னால் ஜனங்கள் பயந்து மழுப்புவார்கள் என்று அவர் சொல்வதில்லையாம். "அஞ்சு வீட்டுல கேட்டேம்மா. அஞ்சு பேரும் ஒரே பொய்ய சொன்னாங்க. சூரத்துல தறி மேஸ்திரியா இருக்காரு, தங்கமான மனுசன், தீபாவளிக்குத் தீபாவளி வந்துகினு போய்கினு இருக்காருன்னு. ஜெயில்ல இருக்கற ஆளப் பத்தித் தெருவே சேந்து பொய் சொன்னா நான் இன்னா எழுதறது? பயந்துகினு இருக்காங்கன்னு எழுதினேன்" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. குமாஸ்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார். காவ்யாவுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று தெருவே கூடிப் பேசி வைத்துக்கொண்டு சொன்ன பொய் அது. மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை, ஒருவரும் இல்லை. காவ்யாவிடம் சொன்னபோது, அப்படியானால் சூரத்திலிருந்து எனக்கு ஒரு புடவையாவது வாங்கி வரச் சொல்லியிருக்கலாமே என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வந்ததும் பச்சையப்பன் அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் உட்காரச் சொன்னார். பிறகு ஒன்று சொன்னார், அதை மறைக்காமல் எழுதுகிறேன். "உம் பொண்ணுக்காகத்தாம்மா பொய் சொன்னோம். உம் வூட்டுக்காரருக்காக சொல்லல. வந்தவரு இன்னார்னு சொல்லி நேரா கேட்டிருந்தா, இப்ப வேணாம் சார்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனதெல்லாம் அதனால்தானாம். என் முகத்தைப் பார்த்துப் பேசப் பயமாம். எனக்குக் கோபம் வரவில்லை. பத்து வருடத்தில் இந்தத் தெருவில் என்னிடம் ஒருவர் உள்ளதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதிகாரி ஆறாவதாக ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். செத்தவர் குடும்பத்திடம் மட்டும் தான் யார் என்று சொல்லிக் கேட்க வேண்டுமாம். விட்டுவிடலாமா என்று அபிதகுசாம்பாளைக் கேட்டிருக்கிறார். உண்மை சொன்ன ஒரே வீடு அதுதான் என்றார். அவள் சொன்னதை அப்படியே படித்துக் காட்டினார். "வந்தா வரட்டும். அவர உள்ள வெச்சா எங்க வூட்டுக்காரரு எழுந்து வந்துடப் போறாரா? ஆனா எதுக்கு வெட்டினாருன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் யாரும் சொல்லல. அத மட்டும் வந்து சொல்லட்டும்." கோர்ட்டில் நீங்கள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. முன்விரோதம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் நீங்கள் மூன்று மாதம் பாடுபட்டுச் செய்த பார்டர் டிசைன், நம் புடவை தறியிலிருந்து இறங்குவதற்கு முன்பே வேறு கடையில் தொங்கியது. டிசைன் அட்டையை எவன் எடுத்துக் கொடுத்தான், பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு என்று என்னைக் கேட்டீர்கள். சிவகுமார் இரண்டு நாளைக்கு முன் நம் தறிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், அவராகத்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். யோசித்துக்கூடச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் விடுவீர்கள் என்று சொன்னேன். நீங்கள் செருப்புப் போடாமல் வெளியே போனீர்கள்.

நான் சொன்ன பெயர் என்பதை நீங்கள் போலீஸிலும் சொல்லவில்லை, கோர்ட்டிலும் சொல்லவில்லை. அதற்காக இத்தனை வருடமும் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்றை உங்களிடம் நான் மறைத்துவிட்டேன். நீங்கள் உள்ளே போன மறுவருடமே எனக்குத் தெரியும். சிவகுமார் எடுக்கவில்லை. அந்த டிசைனைத் தறி அட்டையில் துளையாகக் குத்திக் கொடுத்தவரே இரண்டு செட் குத்தி ஒன்றை அந்தக் கடைக்கு விற்றிருக்கிறார். அவரே குடித்துவிட்டு உளறியிருக்கிறார். இதைச் சொன்னால் அந்த நாலு சுவருக்குள் நீங்கள் எப்படி நாளைக் கழிப்பீர்கள் என்று பயந்து சொல்லாமல் இருந்தேன். தப்பு என்னுடையது.

இப்போது மறுபடியும் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நானும் வெட்கமில்லாமல் கண்டுபிடித்து எழுதுகிறேன் என்று பதில் போட்டேன். போன கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை, ஆனால் அதில் அபிதகுசாம்பாள் பெயரை எழுதியது நினைவிருக்கிறது. அன்றைக்குப் புருஷன், இன்றைக்குப் பெண்சாதி. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் மாமா. அதில் இருக்கிற எந்தப் பெயரையும் நம்பாதீர்கள். என் வாயிலிருந்து இனி ஒரு பெயரும் வராது.

தை மாதம் மறுவிசாரணை உண்டு, அப்போது முதலில் என்னைத்தான் கேட்பதாக அதிகாரி சொன்னார். வீட்டுக்காரர் திரும்பி வந்தால் உங்களுக்குப் பயம் இல்லையே அம்மா என்று இப்போதே கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் கடிதத்தின் மூன்று அடிக்கோடு நினைவுக்கு வந்தது. தையில் சொல்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பத்து வருடம் போதுமா போதாதா என்று டீக்கடையில் இன்னும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. நீங்கள் வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். ஆசைப்படுகிற அளவுக்குப் பயமும் இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் அதுவும் ஒரு பொய்தான்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடும்போது யார், எவன் என்று கேட்காதீர்கள். நீங்கள் வெளியே வருகிற அன்றைக்கு, நம் வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால், என்னோடு அபிதகுசாம்பாள் வாசலுக்கு வருவீர்களா என்று மட்டும் எழுதுங்கள். பெயர் சொன்னவள் நான் என்று நான் சொல்கிறேன். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். வருகிறேன் என்று ஒரு வரி வந்தால் போதும், அதை அதிகாரி மேஜைமேல் வைத்து, எனக்குப் பயம் இல்லை, என் வீட்டுக்காரரை அனுப்புங்கள் என்று கேட்பேன்.

அந்த ஒரு வரியை எழுத உங்களுக்கு மனம் வரட்டும் மாமா.

உங்கள் மனைவி
சுபலட்சுமி